கடன் வாங்கியவன் எழுதும் ரிவ்யூ: லண்டன் பெரிய வக்கீல் கம்பெனிகள்

பில்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதினோரு பக்கம். நான்காம் பக்கத்தில் ஒரு வரி: ‘கடன் பெறுபவரின் மின்னஞ்சலைப் படித்தது, 0.1’. அந்த மின்னஞ்சலை அனுப்பியது நான்தான். அதில் இருந்ததே மூன்று வார்த்தை, ‘நன்றி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’. 0.1 என்றால் ஆறு நிமிடம். லண்டன் வக்கீல்கள் ஒரு மணி நேரத்தைப் பத்துத் துண்டாக அரிந்துதான் விற்பார்கள், அரைத் துண்டு கேட்டால் கிடையாது. மூன்று வார்த்தையைப் படிக்க ஆறு நிமிடம் எடுத்துக்கொண்ட அந்த இளநிலை வக்கீல் பெண்ணின் மீது எனக்குக் கோபமே இல்லை, அவர் கணக்கு அப்படி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு நடுத்தர இன்ஜினியரிங் கம்பெனியில் ட்ரெஷரி வேலை. வங்கிக் கடன், வட்டி, டாலர் ரேட், இதுதான் பிழைப்பு. எங்கள் சிங்கப்பூர் கிளைக் கம்பெனிக்காக நான்கு வங்கிகள் சேர்ந்து டாலர் கடன் கொடுத்தன. சென்னைக் கம்பெனி அதற்கு ஜாமீன். ஒப்பந்தம் இங்கிலாந்து சட்டப்படி. வங்கிகளுக்கு வக்கீல் லண்டனைச் சேர்ந்த ஒரு பெரிய நிறுவனம். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். வங்கியின் வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது? கடன் வாங்குகிற நாம்தான். இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை வாய் பிளக்கும் இடம் இது. எதிர்த்தரப்பு வக்கீல், நம்மை எப்படி மடக்கலாம் என்று யோசிப்பதற்கு மணிக்கணக்கில் நம்மிடமே கூலி வாங்குவார். கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு மொய்யையும் சேர்த்து எழுதுகிற மாதிரி.

சரி, இந்தக் காசுக்கு என்னதான் கிடைக்கிறது? மூன்று வருடம் இந்தப் பில்களோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இவர்கள் சட்டம் தெரிந்ததற்காகக் காசு வாங்கவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் பாரிமுனையிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முன்பின் பார்த்திராத நான்கு வங்கிகளும் ஒரு கம்பெனியும் ஒரே காகிதத்தை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா, அந்தக் காகிதத்தின் அடியில் இருக்கும் பெயர் எல்லோருக்கும் முன்னமே தெரிந்த பெயராக இருக்க வேண்டும். அந்தத் தெரிந்த பெயர்தான் சரக்கு. அது எப்படித் தயாராகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு நிறுவனத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுப்பது ஏ அண்ட் ஓ ஷியர்மன், லண்டனின் ஆலன் அண்ட் ஓவரியும் நியூயார்க்கின் ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங்கும் இணைந்து உருவான நிறுவனம். எங்கள் டீலில் இருந்தது அவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கதை சுவாரஸ்யமானது, பெரும்பகுதி பொதுவெளியில் இருக்கிறது.

லண்டன் பாதி முதலில். 1930 ஜனவரியில் ஜார்ஜ் ஆலன், தாமஸ் ஓவரி என்ற இருவர், வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தை விட்டு வெளியே வந்து கடை போட்டார்கள். ஆலன் அண்ட் ஓவரி. லண்டன் வக்கீல் உலகில் இது நேற்று பிறந்த குழந்தை. ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ்காரர்கள் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு வேலை பார்த்ததை 1743லிருந்து கணக்கு சொல்கிறவர்கள். லிங்க்லேட்டர்ஸ் 1838. அந்தக் கூட்டத்துக்கு நடுவே இந்தப் புதுக்கடை எப்படி மேலே வந்தது? ஆறே வருடத்தில் ஒரு ராஜா வந்தார். எட்டாம் எட்வர்ட் விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணைக் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, 1936 டிசம்பர் 10 அன்று மகுடத்தைத் துறந்து கையெழுத்துப் போட்டாரே, அந்த விவகாரத்தில் அவருடைய சொந்த வக்கீல் ஜார்ஜ் ஆலன். ஒரு ராஜா வேலையை விட்டுப் போகும்போது கணக்கு முடித்துக் கொடுத்த வக்கீல் என்றால் அப்புறம் விளம்பரம் எதற்கு?

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம் ராஜா இல்லை, 1963. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். அந்த வருடம் ஜூலை 1ஆம் தேதி எஸ்.ஜி. வார்பர்க் என்ற லண்டன் வங்கி இத்தாலியின் ஆட்டோஸ்ட்ராடே, அதாவது நெடுஞ்சாலைக் கம்பெனி பெயரில் 15 மில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. உலகின் முதல் யூரோபாண்ட், அதாவது ஒரு நாட்டின் கரன்சியில் அந்த நாட்டுக்கு வெளியே போடும் கடன் பத்திரம், என்று இதைத்தான் சொல்வார்கள். வேலை பார்த்த வக்கீல் ஆலன் அண்ட் ஓவரி. இதன் கட்டமைப்பைப் படித்தால் சிரிப்பு வரும். கடன் வாங்குவது இத்தாலி, பணம் அமெரிக்க டாலர், ஏற்பாடு லண்டன். ஆனால் லண்டனில் கையெழுத்தானால் 4 சதவீத முத்திரை வரி. அதனால் கையெழுத்து ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில். வட்டியை லண்டனில் கொடுத்தால் பிரிட்டிஷ் வருமான வரி. அதனால் வட்டி லக்சம்பர்க்கில். பணம் உண்மையில் போனது நெடுஞ்சாலைக்கே இல்லை, ஃபின்சைடர் என்ற உருக்குக் கம்பெனிக்கு. ஆட்டோஸ்ட்ராடே பெயரில் வாங்கினால் இத்தாலியில் வட்டிக்கு வரிப் பிடித்தம் கிடையாது, அதனால்தான் முன்னால் அந்தப் பெயர். ஒரு காகிதம், அதில் இத்தனை ஊர். எந்த ஊரில் எது கட்டாயமோ அதை வேறு ஊரில் வைத்துச் செய்தார்கள். சட்டத்தை மீறவில்லை, சட்டம் நிற்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால் நீங்கள் வரி வசூலிக்கிறவரா, கடன் வாங்குகிறவரா என்பதைப் பொறுத்தது. ஆனால் அதன் பிறகு நாடு கடந்து கடன் பத்திரம் போடுகிற ஆயிரமாயிரம் பேர் லண்டனையும் இங்கிலாந்து சட்டத்தையும் தேடி வந்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணம். முதல் டிராஃப்டை எழுதியவன் கையில்தான் அடுத்த நூறு டிராஃப்டும் போகும், இந்தத் தொழிலின் ரகசியம் அவ்வளவுதான். ஐ.எஸ்.டி.ஏ., அதாவது டெரிவேடிவ் வியாபாரத்தின் பொது ஒப்பந்தம், போட்டவர்களுக்குத் தெரியும், டெரிவேடிவ் (வட்டி, டாலர் ரேட் ஏறி இறங்குவதை வைத்துப் போடும் ஒப்பந்தம்) பாக்கிகளை ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளலாம், இங்கிலாந்து கோர்ட்டில் அது செல்லும் என்று சொல்லும் ஒப்பீனியன் கடிதமும் காலம் காலமாக இவர்கள் கையெழுத்தில்தான் வருகிறது.

1978ல் துபாயில் கிளை, வெளிநாட்டில் அதுதான் முதல். அப்புறம் வரிசையாக ஊர் ஊராகக் கிளைகள். அந்தப் பட்டியல் வேண்டாம், ஏர்லைன்ஸ் பத்திரிகை மாதிரி இருக்கும்.

நியூயார்க் பாதி இன்னும் காரசாரம். ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங், 1873. தாமஸ் ஷியர்மன் வாதாடுகிறவர், ஜான் ஸ்டெர்லிங் காகித வேலை செய்கிறவர். கடை போட்ட இரண்டு வருடத்தில் ஷியர்மனுக்கு அமெரிக்காவே பார்த்த வழக்கு. ஹென்றி வார்ட் பீச்சர் என்ற புகழ்பெற்ற புரூக்ளின் பாதிரியார் மீது, என் மனைவியோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று ஒருவர் வழக்குப் போட, மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் ஜூரிகள் ஒத்துப்போகாமல் முடிவில்லாமலேயே கலைந்தது. ஷியர்மன் பீச்சர் பக்கம். அவர் அந்தச் சர்ச்சின் ஆள் வேறு. இன்னொரு பக்கம் ரயில்வே பங்குகளில் விளையாடிய ஜே கோல்ட் இவர்கள் கட்சிக்காரர். பாதிரியாரும் வேண்டும், ஜே கோல்டும் வேண்டும். ஸ்டெர்லிங் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 1918ல் இறந்தபோது சொத்தை யேல் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார், சுமார் 15 மில்லியன் டாலர். அதுவரை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்கொடை அதுதான் என்று சொல்வார்கள். அங்கே நூலகமும் சட்டக் கல்லூரிக் கட்டிடமும் அவர் பெயரில் நிற்கின்றன. வக்கீல் பீஸ் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு, ஒரு கட்டிடமாகவாவது போயிருக்கிறது.

இதே நிறுவனம்தான் சிட்டி பாங்கின் வக்கீல். ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் 52 பேர் பிணைக்கைதிகளாக இருந்தார்களே, அப்போது அமெரிக்க வங்கிகளில் ஈரான் பணம் முடக்கப்பட்டிருந்தது. பணத்தை எப்படிக் கழித்துக்கொள்வது, எதை யாருக்குத் திருப்புவது என்று ஈரான் தரப்பு வக்கீல்களோடு இவர்கள் 1980லிருந்தே சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். 1981 ஜனவரியில் அல்ஜீரியாவின் மத்திய வங்கி பெயரில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருந்த கணக்குக்குக் கிட்டத்தட்ட 8 பில்லியன் டாலர் போய்ச் சேர்ந்தது, கைதிகள் விமானம் ஏறினார்கள். ராஜதந்திரிகள் போட்டோவில் இருப்பார்கள். எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எந்த வரிசையில் என்று எழுதிக் கொடுத்தவர்கள் போட்டோவில் இருக்க மாட்டார்கள். ட்ரெஷரிக்காரனாக இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை, நாங்களும் போட்டோவில் வராத ஜாதி.

2014ல் யூகோஸ் எண்ணெய்க் கம்பெனியின் முன்னாள் பங்குதாரர்களுக்கு ரஷ்யா 50 பில்லியன் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஹேகில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர்கள் விசாரிப்பது) தீர்ப்பு வந்தது. அதை வென்று கொடுத்தது ஷியர்மனின் பாரிஸ் அணி, தலைவர் இமானுவேல் கையார். அந்தத் தீர்ப்பு 2016ல் டச்சு கோர்ட்டில் ரத்தாகி, 2020ல் அப்பீலில் திரும்ப உயிர் பெற்று, வசூல் கதை தனி ராமாயணம். நான் சொல்ல வருவது வேறு. 2021ல் கையார் தன் ஆட்களோடு வெளியே போய்த் தனிக்கடை போட்டுவிட்டார். சில வாரத்தில் இறந்தும் போனார், பாவம். இவ்வளவு பெரிய நிறுவனத்தின் மிகப் பெரிய வெற்றி ஒரு லிஃப்டில் இறங்கித் தெருவுக்குப் போய்விட முடியும். பெயர்ப்பலகை பழசு, ஆள் புதுசு. நீங்கள் 1873க்குக் காசு கொடுக்கிறீர்கள், வேலை செய்வது போன செப்டம்பரில் சேர்ந்த பிள்ளை.

அப்புறம் கல்யாணம். ஆலன் அண்ட் ஓவரிக்கு அமெரிக்காவில் பெரிய கால் ஊன்ற வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஓ’மெல்வெனி என்ற அமெரிக்க நிறுவனத்தோடு பேசிப் பேசி 2019ல் முறிந்தது. ஷியர்மனும் ஹோகன் லோவெல்ஸோடு பேசி 2023 மார்ச்சில் முறிந்தது. இரண்டு பக்கமும் ஜாதகம் தட்டிப்போன நிலையில் 2023 மே மாதம் சம்பந்தம் அறிவிப்பு, அக்டோபரில் பார்ட்னர்கள் (நிறுவனத்தின் பங்காளிகளான மூத்த வக்கீல்கள்) ஓட்டு, 99 சதவீதத்துக்கு மேல் சம்மதம், 2024 மே 1 அன்று தாலி. கிட்டத்தட்ட 4,000 வக்கீல்கள், 48 அலுவலகங்கள். நான்கே மாதத்தில், செப்டம்பரில், பார்ட்னர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறோம், ஜோகன்னஸ்பர்க் கிளையை மூடுகிறோம் என்று சொன்னார்கள். விருந்து முடிந்து பந்தல் பிரிக்கும்போதே பாத்திரக் கணக்கு.

அவர்கள் லண்டன் கட்டிடத்தை வெளியிலிருந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அத்தை மகன் வீட்டுக்குப் போனபோது ஒரு நாள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைப் பக்கம் சுற்றினோம். பிஷப்ஸ் ஸ்கொயர். கண்ணாடிக் கட்டிடம், உள்ளே கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டம். கட்டிடத்தின் பக்கத்தில் தரைமட்டத்துக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால், பழைய கல் சுவர் ஒன்று இருக்கிறது. எலும்பு வீடு. 1320 வாக்கில் கட்டியது, இடுகாட்டில் புதுக்குழி தோண்டும்போது கிளம்பிய பழைய எலும்புகளைப் போட்டு வைக்கிற அறை. கட்டிட வேலை நடந்தபோது கண்டெடுத்து அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் தோண்டியபோது பத்தாயிரத்துக்கு மேல் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அத்தை மகன், “பில் பாத்து செத்தவங்களாடா?” என்றான். நேரத்தை ஆறு ஆறு நிமிடமாக விற்கும் கட்டிடத்தின் காலடியில் எழுநூறு வருட எலும்பறை. நான் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பத்து நிமிடம் நின்றேன், இரண்டு யூனிட் ஆகிவிட்டது.

இப்போது வேலைக்கு வருகிறேன். பெரிய நிறுவனம் என்றதும் சினிமா மாதிரி கோர்ட்டில் மேசையைத் தட்டிப் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். கடன் டீலில் அவர்கள் செய்வது மூன்று வேலை. ஒன்று, ஒப்பந்தம். அதற்கு அச்சு ஏற்கெனவே உண்டு. எல்.எம்.ஏ. என்ற கடன் சந்தைச் சங்கம் 1996ல் லண்டனில் தொடங்கி, எல்லோரும் ஒத்துக்கொள்கிற மாதிரிப் படிவங்களை வெளியிடுகிறது. நூற்றைம்பது பக்க ஒப்பந்தத்தில் முக்கால்வாசி எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். நாங்கள் உண்மையில் சண்டை போட்டது ஒரு ஆறு பக்கத்துக்கு. எந்த விகிதம் தாண்டினால் கடன் தவறியதாக ஆகும், எத்தனை நாள் அவகாசம், இவ்வளவுதான். இரண்டாவது, சி.பி. லிஸ்ட். பணம் வெளியே வருவதற்கு முன்னால் நாங்கள் கொடுக்க வேண்டிய சாமான் பட்டியல்: போர்டு தீர்மானம், டைரக்டர்களின் மாதிரிக் கையெழுத்து, கணக்கறிக்கை, வங்கி கேட்கும் அடையாளச் சான்றுகள். சீர்வரிசைத் தட்டு எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘வந்தது’, ‘வரவில்லை’, ‘வந்தது ஆனால் சரியில்லை’ என்று ஒரு டிரெய்னி டிக் போடுவார். சிறந்த வேலை இது, கிண்டல் இல்லை. எங்கள் போர்டு தீர்மானத்தில் கடன் தொகையில் ஒரு சைபர் குறைந்திருந்ததை எங்கள் செக்ரட்டரி, ஆடிட்டர், நான், மூன்று பேரும் பார்க்காமல் விட்டோம். பிடித்தது அந்தப் பிள்ளைதான்.

மூன்றாவது, லீகல் ஒப்பீனியன். ஒப்பந்தம் சட்டப்படி செல்லும் என்று வக்கீல் எழுதிக் கொடுக்கும் எட்டுப் பக்கக் கடிதம். அதில் விஷயம் ஒரு பக்கம், மீதி ‘இப்படி வைத்துக்கொள்கிறோம்’. எல்லாக் கையெழுத்தும் உண்மை என்று வைத்துக்கொள்கிறோம், எல்லா நகலும் அசலைப் போன்றது என்று வைத்துக்கொள்கிறோம், கம்பெனி திவாலாகவில்லை என்று வைத்துக்கொள்கிறோம். இவ்வளவு வைத்துக்கொண்டபின் நானே சொல்லிவிடுவேனே என்று எம்.டி. சிரித்தார். ஆனால் அந்த ஒரு பக்கம் வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை. எண்பதுகளில் லண்டனின் ஹாமர்ஸ்மித் நகராட்சி வட்டி ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) வியாபாரத்தில் இறங்கி ஆடித் தீர்த்தது. வேறு பல நகராட்சிகளும். 1991ல் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே உச்ச நீதிமன்றமும் அதுதான்), நகராட்சிக்கு ஸ்வாப் போடவே அதிகாரம் கிடையாது, ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டது. கணக்கில் லாபம் பார்த்து உட்கார்ந்திருந்த வங்கிகள் பல கோடி பவுண்டு நஷ்டத்தோடு எழுந்தன. அன்றிலிருந்து எந்த வங்கியும், ‘இந்தக் கம்பெனிக்கு இதில் கையெழுத்துப் போட அதிகாரம் உண்டா’ என்பதை யாராவது எழுதிக் கொடுக்காமல் காசை வெளியே விடாது. அப்புறம் இன்னொரு வேடிக்கை: அந்த ஒப்பீனியன் வங்கிகளின் பெயருக்குத்தான். காசு நாம் கொடுத்தாலும், இதை நம்பி நாம் எதுவும் செய்யக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். நம் செலவில் தைத்த சட்டை, நாம் போடக்கூடாது.

இனி அந்த இரவு. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட எம்.டி.யும் நானும் சிங்கப்பூர் போனோம். சென்னையில் போட்டால் உடனே முத்திரைத்தாள் விவகாரம், வெளியே போட்டால் அசல் இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை கட்டினால் போதும். (ஸ்கிபோலைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று இப்போது புரியும்.) மதியமே ஹோட்டலில் சாட்சி வைத்துக் கையெழுத்தெல்லாம் முடிந்து, ஸ்கேன் செய்து அனுப்பி, செரங்கூன் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் கொத்து பரோட்டா சாப்பிட்டு முடித்தபோது இரவு பதினொன்றே முக்கால். லண்டனில் மாலை நாலே முக்கால். போன் வந்தது. நாங்கள் கையெழுத்துப் போட்ட பக்கம் முந்தைய டிராஃப்டின் பக்கமாம். இறுதி டிராஃப்டில் ஒரு உட்பிரிவு மாறியிருக்கிறது, பழைய பக்கத்தை எடுத்துப் புதுசில் ஒட்ட முடியாது. 2008ல் மெர்குரி என்று ஒரு வழக்கு, பத்திரத்தின் கையெழுத்துப் பக்கத்தை ஒரு வரைவிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினால் செல்லாது என்று லண்டன் ஐகோர்ட் சொன்னது, அதிலிருந்து எல்லோருக்கும் பயம். பயம் நியாயம்தான். பழைய பக்கத்தை எங்களுக்கு அனுப்பியது யார்? அவர்கள்.

நாளைக் காலை பணம் இறங்க வேண்டும். மெஸ்ஸுக்கு எதிரே ஒரு பிரிண்டிங் கடை, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, கெஞ்சித் திறக்க வைத்தோம். முப்பத்தெட்டுப் பக்கம். சாட்சி? பத்திரத்துக்கு நேரில் நிற்கிற சாட்சி வேண்டும், நான் கம்பெனி ஆள் என்பதால் என்னை வேண்டாம் என்று லண்டன் சொல்லிவிட்டது. மெஸ்ஸில் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த பரோட்டா மாஸ்டரைக் கேட்டோம். மன்னார்குடிக்காரர்.

“சார், இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு எதுவும் வம்பு வராதே?”

“வராதுப்பா. நான் போட்டதை நீ கண்ணால பாத்தே, அவ்வளவுதான்,” என்றார் எம்.டி.

“நல்லா பாத்தேன் சார், இன்னொரு தடவ வேணா போடுங்க.”

சாட்சி பெயர், முகவரி, தொழில் என்று மூன்று கோடு. தொழில் என்ற இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்து ‘மாஸ்டர்’ என்று எழுதினார். எண்ணெய் விரல் ஓரத்தில் பட்டு காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஸ்கேன் செய்து அனுப்பினோம், மூன்று நிமிடத்தில் லண்டனிலிருந்து ‘மிக நேர்த்தி’ என்று பதில் வந்தது. நான்கு சர்வதேச வங்கிகளின் பணத்துக்கு ஜாமீனான பத்திரத்தில் அந்த எண்ணெய்க் கறை இன்றும் இருக்கிறது.

இது தவறு, யாருக்கும் வரும். மனசு கொதித்தது பில் வந்தபோது. ‘ஜாமீன் பத்திரத்தை மீண்டும் நிறைவேற்ற ஏற்பாடு செய்தது, 1.8 மணி’. அவர்கள் தவறைத் திருத்த எங்களிடம் ஒன்றே முக்கால் மணிக்கு மேல் கூலி. மொத்தமாகவே ஆரம்பத்தில் சொன்ன மதிப்பீட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. கேட்டால், உச்சவரம்பு ‘மூன்று டிராஃப்ட் வரை’ என்று மதிப்பீட்டுக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, டிராஃப்ட் ஏழு ஆகிவிட்டது என்றார்கள். இருந்தது, நான்தான் படிக்கவில்லை. 1.8ஐ மட்டும் ‘நல்லெண்ணத்தின் பேரில்’ தள்ளுபடி செய்தார்கள். தவறு என்ற சொல் மட்டும் வரவே இல்லை. வக்கீல் அல்லவா.

விலை நியாயமா? வழக்குச் செலவைக் கணக்கிட இங்கிலாந்து கோர்ட்டே ஒரு வழிகாட்டி ரேட் வைத்திருக்கிறது. லண்டன் மையத்தில் பெரிய வணிக வேலை செய்யும் மூத்த வக்கீலுக்கு 2025ல் மணிக்கு 566 பவுண்டு. அதற்கு மேல் எதிர்த்தரப்பிடம் கேட்டால் தெளிவான காரணம் சொல்ல வேண்டும் என்று 2022ல் அப்பீல் கோர்ட் கண்டிப்பாகவே சொன்னது. பெரிய நிறுவனங்களில் பார்ட்னர் ரேட் ஆயிரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். புதிதாகத் தகுதி பெற்ற வக்கீலுக்கே 2024லிருந்து வருடம் 1,50,000 பவுண்டு சம்பளம், அதை யார் தலையில் கட்டுவார்கள்? இன்னொன்று. 2023 பிப்ரவரியில் ஆலன் அண்ட் ஓவரி, ஹார்வி என்ற ஏ.ஐ. கருவியைத் தன் வக்கீல்கள் எல்லோருக்கும் கொடுப்பதாக அறிவித்தது. சோதனையிலேயே 3,500 வக்கீல்கள் சுமார் 40,000 கேள்வி கேட்டார்களாம். நல்ல விஷயம். மணிக்கணக்கில் விற்கிறவன் வேகமாக வேலை செய்யும் மிஷின் வாங்கினால் யாருக்கு லாபம் என்று நான் கேட்ட எந்த பார்ட்னரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

சென்னையிலேயே இவர்கள் கடை திறந்தால் மலிவாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சண்டையே சென்னையில்தான் பெரிதானது. 2010ல் ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 2012 பிப்ரவரியில் தீர்ப்பு: இங்கே தொழில் செய்யக்கூடாது, ஆனால் வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே கொஞ்சம் இறுக்கிச் சொன்னது. 2023ல் பார் கவுன்சில் விதி கொண்டுவந்து, 2025ல் திருத்தி, பதிவு செய்துகொண்டு வெளிநாட்டுச் சட்டம், ஆர்பிட்ரேஷன் மட்டும் பார்க்கலாம், கோர்ட்டில் நிற்கக்கூடாது என்று கதவை ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. திறந்தாலும் ரேட் லண்டன் ரேட்டாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே, வாங்கலாமா? நான்கு வங்கி, மூன்று நாடு, பெரிய தொகை என்றால் வேறு வழியில்லை, வாங்குங்கள். காகிதத்துக்கு ஐந்துக்கு ஐந்து, இரவு இரண்டு மணிக்கும் போன் எடுப்பதற்கு ஐந்து, பில்லுக்கு ஒன்றரை. ஒரே வங்கி, சின்னத் தொகை என்றால் இங்கேயே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், பெயருக்காகப் போகாதீர்கள். போனால் மதிப்பீட்டுக் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள், மாதா மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேளுங்கள், முடிந்தபின் கேட்டால் பயனில்லை. ‘நன்றி’ மெயில் அனுப்பாதீர்கள்.

எங்களுக்கு அடுத்த கடன் பேச்சு தொடங்கிவிட்டது. வங்கிகள் அதே நிறுவனத்தையே போட்டிருக்கின்றன. போன வாரம் மதிப்பீடு வந்தது, கடைசிப் பக்கத்தில் அதே ‘மூன்று டிராஃப்ட் வரை’. அதை ‘ஏழு’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, ஆனால் அதைப் படித்ததற்கு 0.1 போட்டிருப்பார்கள்.